நான் வாங்காத காவி நூல்

ஊசி குத்தாத கை என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தவள் நான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இந்த நோயைப் பற்றி எழுதுவதென்றால் அந்தப் பெருமையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மருதமுனையில் எங்கள் வீட்டுப் பின்கொட்டிலில் இரண்டு தறிகள். என் கணவர் சாரம் (லுங்கி) நெய்கிறவர். ஒவ்வொரு பாவும் (தறியில் நெடுக்காக ஏற்றும் நூல்) முடியும்போது கடைசியில் ஒரு முழமோ அரை முழமோ துண்டு மிஞ்சும். மற்ற வீடுகளில் அது சட்டி இறக்கும் துணியாகி அடுப்படியில் கருகிப்போகும். நான் ஒன்றுவிடாமல் சேர்த்தேன். மகள் நபீசா தவழத் தொடங்கிய மாதத்தில் அவற்றைச் சதுரமாக வெட்டி, அடியில் பழைய சேலையைக் கொடுத்து, ஒரு பெரிய போர்வை தைக்க உட்கார்ந்தேன். அது ஐம்பதுகளின் தொடக்கம்.

மொத்தம் இருபது வரிசை. வீட்டு வேலைக்கிடையில் ஒரு வரிசைக்கு இரண்டு மாதம் போனது. வலது கையில் ஊசி இருக்கும். இடது கை துணிக்கு அடியில் இருக்கும். ஊசிமுனை வருகிறதா என்று மோதிர விரலாலும் சின்ன விரலாலும் தடவிப் பார்த்துத் தைப்பது என் பழக்கம். உம்மா அதற்காகவே ஏசுவார்.

"உனக்குக் கையிலயா கண் இரிக்கி? விரலச் சல்லடையாக்கப் போறாய் புள்ள."

தொடக்கத்தில் குத்தத்தான் செய்தது. விரலை வாயில் வைத்துச் சூப்பியது நினைவிருக்கிறது. பிறகு குத்துவது நின்றது. கை பழகிவிட்டது, இனி நான் தேர்ந்த தையற்காரி என்று நினைத்துக்கொண்டேன். அயல் பெண்களிடம் விரலை விரித்துக் காட்டி, "பாருங்க, ஊசி என்னத் தொடுறல்ல" என்று சொல்லிச் சிரித்திருக்கிறேன். துணியில் எங்காவது பழுப்பாக ஒரு பொட்டுக் கண்டால் கையிலிருக்கும் மருதோன்றிச் சாயம் என்று விட்டுவிடுவேன். நபீசா பெரும்பாலும் என் மடியில், அந்தப் போர்வையின் மடிப்புக்குள்தான் தூங்குவாள்.

அந்த நாட்களில்தான் இடது முழங்கைக்குக் கீழே ஒரு வெளுப்பு விழுந்தது. ஒரு காசு அளவு. சொறியவில்லை, எரியவும் இல்லை. உம்மாவிடம் காட்டினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இது அழகுத் தேமல் மகள். எல்லாருக்கும் விழுறல்ல. மருந்து கிருந்து போட்டு அழிச்சிராத."

எங்கள் பக்கத்தில் பெண்ணின் தோலில் வெளிறிய தேமல் விழுந்தால் அதை வடிவு என்பார்கள். கலியாணத்துக்கு இருக்கும் பெண் என்றால் மாப்பிள்ளை வீட்டார் காதுக்கும் அந்தச் செய்தி போகும். நான் பிள்ளை பெற்றவள்தான், ஆனாலும் ஆசை விடுமா? முக்காட்டை இழுத்துவிடும்போது அந்தக் கை சற்றுத் தெரிகிற மாதிரி விட்டுக்கொள்வேன். கிணற்றடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டுக் கை முழுக்கச் சிலிர்க்கும்போது அந்த வட்டம் மட்டும் சும்மா இருந்தது. நான் அதைக் கவனித்தேன். கவனித்தும் யோசிக்கவில்லை.

போர்வை முடிவதற்குச் சில மாதங்கள் முன்பு இடது சின்ன விரல் நிமிர மறுத்தது. தைத்துத் தைத்து நரம்பு இழுத்துக்கொண்டது என்று நல்லெண்ணெய் தடவினேன். நோன்பு மாதத்தில் கடைசி வரிசையும் முடிந்தது. முடிந்த பிறகுதான் எங்கள் கடலோர வெக்கையில் அவ்வளவு தடித்த போர்வையை யார் போர்த்துவது என்ற யோசனை வந்தது. பெருநாளைக்கு அதை முன்னறைச் சுவரில் மாட்டுவோம் என்றேன். அவர் கமுகஞ் சிலாகை ஒன்றைச் சீவி, போர்வையின் மேல்விளிம்பை அதில் கோத்து, இரண்டு ஆணியில் தொங்கவிட்டார். சுவரில் பாதி மறைந்தது. தெருவில் போகிறவர்களுக்கும் தெரியட்டும் என்று வாசற்கதவின் இரண்டு பலகைகளையும் திறந்து வைத்தேன்.

பெருநாள் அன்று வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். புகழ்ந்தார்கள். ஒலுவிலிலிருந்து என் கணவரின் மூத்த சகோதரி வந்திருந்தார். தொதல் இனிப்பை வாயில் போட்டபடி சுவரருகே போய் நின்றார்.

"மதினி, துண்டெல்லாம் தம்பிட தறித் துண்டு எண்டு விளங்குது. இந்தக் காவி நூல் எங்க வாங்கின? பொட்டுப் பொட்டா என்ன வடிவா இரிக்கி!"

"காவி நூலா?"

"இந்தா, இதில இருந்து கீழ மட்டும் போகுதே."

அந்தப் போர்வை முழுவதும் வெள்ளை நூலால் தைத்தது. வேறு நிறத்தில் ஒரு முழ நூல்கூட நான் வாங்கவில்லை.

மதினி கைவைத்த இடத்தைப் பார்த்தேன். மடியில் கிடந்தவரை ஒரு நேரத்தில் ஒரு சாண் அளவுதான் கண்ணில் பட்டிருக்கிறது. இப்போது முழுவதும் ஒன்றாகத் தெரிந்தது. மேலே நான்கு வரிசையும் சுத்தம். ஐந்தாவதில் மூன்று நான்கு பொட்டுகள். அதற்குக் கீழே கூடிக்கொண்டே போய், கடைசி வரிசைகளில் தூவி விட்டதுபோல் கிடந்தன. தையலும் அப்படித்தான். மேலே எறும்பு ஊர்ந்த மாதிரி நேராகப் போனது, கீழே கோழி கிளறிய மாதிரி இருந்தது. இதைத்தான் ஊர்கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"கல்முனைக் கடையில வாங்கின மதினி" என்றேன். இந்த நோயில் நான் சொன்ன முதல் பொய் அது.

எல்லோரும் போன பிறகு ஊசியை எடுத்துச் சின்ன விரலில் குத்தினேன். இன்னும் குத்தினேன். அப்பம் வெந்துவிட்டதா என்று ஈர்க்கால் குத்திப் பார்ப்பதுபோல் ஊசி உள்ளே போனது. இரத்தம் வந்தது. வலி வரவில்லை. அழகுத் தேமலிலும் குத்தினேன். அங்கும் இல்லை. பார்த்துக்கொண்டு நின்ற கணவர் ஓடிவந்து ஊசியைப் பிடுங்கினார். 

ஆஸ்பத்திரியில் அப்போது இருந்த டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். நிதானமான மனிதர். என்னைக் கண்ணை மூடச் சொன்னார்.

"பிள்ளை, நான் பஞ்சால தொடுவன். தொடுற இடத்தை விரலால காட்டுங்கோ."

நான் காத்திருந்தேன். அவர் தொடங்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தபோது பஞ்சை என் கையில் வைத்தபடி இருந்தார். பிறகு முழங்கை எலும்புக்குப் பின்னால் அழுத்திப் பார்த்து, நரம்புத் தடிப்பு (தோலுக்கடியில் நரம்பு கயிறுபோல் வீங்குவது) என்று தாதியிடம் சொன்னார். நோயின் பெயரையும் அவரே சொன்னார்: தொழுநோய் (ஊரில் குட்டம் என்பது, பெயர் சொல்லப் பயந்தவர்கள் பெருவியாதி என்பார்கள்).

"எப்ப துவக்கம் இது?"

"நாலு மாசம் டொக்டர்" என்றார் என் கணவர். விரல் நிமிர மறுத்ததிலிருந்து கணக்கிட்டிருக்கிறார்.

"நான் உங்களைக் கேக்கேல்லை. அவவைத்தான் கேட்டனான்."

"ஓம் டொக்டர். நாலு மாசம்தான்" என்றேன். ஐந்தாவது வரிசை கண்முன்னே நின்றது.

"நாலு மாதமெண்டால் வீட்டில இருந்தே மாத்திரை எடுக்கலாம். கன காலத்து நோயெண்டால் தீவில இருக்கிற தொழுநோய் ஆஸ்பத்திரிக்குத்தான் எழுத வேணும், அதுதான் சட்டம். பிள்ளையள் இருக்கோ?"

"ஒரு பொம்புளப் புள்ள. நாலு வயசு."

"நாலு மாதம்தானே. பிள்ளைக்குப் பெரிசாப் பயமில்லை" என்று எழுதப் போனார்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை வீடுவரை துரத்தியது. மகளுக்குப் பயமில்லை என்பது நாங்கள் சொன்ன நாலு மாதத்தின் மேல் நிற்கிறது. அந்த நாலு மாதம் பொய்யென்றால் அதுவும் பொய்.

லுஹர் (நண்பகல்) தொழுகை முடிந்து வந்த கணவரைச் சுவர் முன்னால் நிறுத்தினேன். நெய்கிறவருக்குத் தன் பாவுகள் ஒவ்வொன்றும் தெரியும். எது எப்போது தறியில் ஏறியது, யாருக்காக ஏறியது எல்லாம் தெரியும். ஐந்தாவது வரிசையில் முதல் பொட்டு இருந்த துண்டைக் காட்டினேன். பச்சைக் கட்டம், ஓரத்தில் மஞ்சள் கரை.

"இது இறக்காமத்துக் கலியாணத்துக்கு ஓடர் வந்த பாவு" என்றவர் நிறுத்தினார். விரலை மடக்கி எண்ணினார். "ரெண்டர வருசம். அப்ப நபீசா பால் மறக்கல்ல."

அவர் சுவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி பேசினார்.

"கழட்டிக் கழுவுவம். நாலு மாசம் எண்டு சொன்னது அப்பிடியே இரிக்கட்டும். தீவுக்குப் போனவங்க திரும்பி வந்தத நான் காணல்ல புள்ள."

நானும் கண்டதில்லை. அடுத்த தெருவிலிருந்து ஒருவரைக் கூட்டிப்போனார்கள். அதன் பிறகு அவர் பெயர் வந்தால் ஊர் மௌத்தானவரை (இறந்துபோனவரை)ப் பற்றிக் கதைப்பதுபோல்தான் கதைக்கும். அவர் மனைவி இத்தா (கணவன் இறந்தால் மனைவி வீட்டுக்குள் இருக்கும் துக்ககாலம்) இருக்கவில்லை என்பது ஒன்றுதான் குறை. அந்த இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். அவர் சொல்கிறபடியே செய்துவிடுவோம் என்றுதான் ஆணியில் கைவைத்தேன்.

நபீசா வந்து பக்கத்தில் நின்றாள். அவள் உயரத்துக்குச் சரியாக இருந்த பொட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"உம்மா, இது என்ன பூ?"

கழுவவில்லை. அடுத்த முறை போகும்போது போர்வையை மடித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். நபீசாவையும் கூட்டிப்போனேன். டொக்டர் அதை மேசையில் விரித்தார். தாதி ஓரடி பின்னால் போனாள், அவர் போகவில்லை. என் கணவர் பாவு பாவாகச் சொல்ல, டொக்டர் பொட்டுகளின் மேல் பென்சில் நுனியை வைத்துக் கீழே இறங்கினார். இரண்டரை வருடம் என்று எழுதினார்.

"இதைக் கொண்டு வராமல் விட்டிருக்கலாமே. ஏன் கொண்டு வந்தனீங்கள்?"

"புள்ளயப் பாருங்க டொக்டர்" என்றேன். அழுதுவிட்டேன்.

அவளை முழுதாகப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஆனால், "இப்ப இல்லை எண்டுதான் சொல்லலாம். இது வருசக்கணக்கா ஒளிச்சிருந்து வெளிக்கிடும். மாதா மாதம் பாக்கோணும்" என்று ஊசியால் மெல்லத் தொட்டுப் பார்க்கும் விதத்தை என் கணவருக்குக் காட்டிக்கொடுத்தார். போர்வையை அவித்துக் காயவைத்தால் போதும், எரிக்கத் தேவையில்லை என்றார். எனக்குத் தீவுக்கு எழுதினார்.

வாவிக்கு நடுவே அந்தத் தீவில் ஒரு வருடமும் எட்டு மாதமும் இருந்தேன். டாப்சோன் (அப்போது இந்நோய்க்குப் புதிதாக வந்திருந்த மாத்திரை) தந்தார்கள். பயந்த அளவுக்கு அங்கே யாரும் என்னைத் தின்றுவிடவில்லை. ஆனால் ஒரு நாள் தேநீர்க் கேத்தலைப் பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கட்டில்காரி கத்தினாள். என் இடது விரல்கள் வெந்துகொண்டிருந்தன. எனக்கு முதலில் தெரிந்தது வாசனைதான். அன்று முதல் மாலை ஐந்து மணிக்குக் கையை முன்னும் பின்னும் புரட்டிப் பார்க்கப் பழகினேன், அயல்வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற மாதிரி.

கணவர் மாதம் ஒருமுறை தோணியில் வருவார். தூரத்தில் வரும்போதே அவர் முகத்தைத் தேடுவேன்.

"பார்த்தீங்களா?"

"பார்த்தன். தொட்ட இடமெல்லாம் வலிக்கி எண்டு சொன்னாள்."

அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அடுத்த மாதம்வரை இருப்பேன். மற்றப் பெண்கள் பிள்ளை படிக்கிறதா, சாப்பிடுகிறதா என்று கேட்பார்கள். என் மகளுக்கு வலிக்கிறதா என்று கேட்டு, ஓம் என்றால் அல்லாஹ்வைப் புகழ்ந்தவள் நான்.

சுரண்டல் சோதனை (காது மடலில் சிறிதாகக் கீறிக் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது) தொடர்ந்து சுத்தமாக வந்தபின் வீட்டுக்கு விட்டார்கள். வாசற்கதவில் ஒரு பலகை மட்டும் திறந்திருந்தது. உம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார், தேமலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் போர்வை தொங்கியது. அவித்ததில் வெள்ளை நூல் மங்கிவிட்டது, பொட்டுகள் போகவில்லை. கழற்றி வைக்கப் பார்த்தபோதெல்லாம் நபீசா அழுதாளாம். அவள் எண்ணப் பழகியதே அந்தப் பொட்டுகளில்தான் என்றார் கணவர். நூறுவரை எண்ணிக் காட்டினாள். எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை.

முதல் வெள்ளிக்கிழமை நானே அவளைப் பார்க்க உட்கார்ந்தேன். அவள் தானாகவே வந்து போர்வையைப் பார்த்தபடி முதுகைக் காட்டி நின்றாள். நான் ஊசியை எடுத்தேன்.

"வலிக்கி உம்மா" என்றாள்.

ஊசி இன்னும் என் கையில்தான் இருந்தது. அவளைத் தொடவில்லை.

ஊசியைக் கீழே வைத்துவிட்டு வெறும் கையை நீட்டினேன். நிழல் அசைந்திருக்க வேண்டும்.

"வலிக்கி. இதிலயும் வலிக்கி."

அவளைத் திருப்பி, "தொடமுந்தியே ஏன் மகள் சொல்லுற?" என்று கேட்டேன்.

"வலிக்கி எண்டு சொன்னா வாப்பா சிரிப்பாங்க."

கதவருகே நின்ற கணவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இருபது மாதமும் நான் உயிர்பிடித்துக்கொண்டிருந்த சொல்லுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. அவளைக் கோபிக்க முடியுமா? என் பிள்ளைதானே, கேட்பவருக்குப் பிடித்த பதிலைச் சொல்ல என்னிடம்தான் கற்றிருப்பாள்.

அன்றே ஊசியை விட்டேன். அவள் கண்ணைத் துணியால் கட்டி, டொக்டர் எனக்குச் செய்ததுபோல் பஞ்சால் தொட்டு, விரலால் காட்டச் சொன்னேன். தொட்டேன். காத்திருந்தேன். சின்ன விரல் தடுமாறாமல் சரியான இடத்துக்கு வந்தது. உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை எல்லா இடத்துக்கும் வந்தது. அதன் பிறகு மாதத்துக்கு ஒருமுறை என்று இருக்க என்னால் முடியவில்லை, வெள்ளிக்கிழமை தோறும் பார்த்தேன்.

இதே நோயோடு இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு இப்போது உடம்பு என்பது கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்கிற ஒன்று. இடது கை இருக்கிறதா என்று பார்த்தால்தான் இருக்கிறது. காலமும் மாறிவிட்டது. முன்பு இரண்டரை வருடத்தை எனக்கே தெரியாமல் விட்டவள், இப்போது பஞ்சு தொடுவதற்கும் விரல் வருவதற்கும் இடையிலுள்ள நேரத்தில் கிழவியாகிவிடுகிறேன்.

ஏழு மாதம் விரல் வந்தது. எட்டாவது மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அவள் வலது தோளுக்குப் பின்னால், வெயிலில் மட்டும் தெரிகிற அளவுக்கு ஒரு வெளிறல் இருந்தது. மொச்சைக் கொட்டை அளவு.

"அது தே..." என்று தொடங்கிய கணவர் மற்ற எழுத்துகளைச் சொல்லவில்லை.

பஞ்சால் தொட்டேன். அவள் போர்வைக்கு முன்னால் கண் கட்டியபடி பொறுமையாக நின்றாள். வெளியே கடல் இரைந்தது. நான் பஞ்சை எடுக்கவில்லை.

"உம்மா, துவங்கல்லியா?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனோம். அதே டொக்டர்தான். தலை சற்று நரைத்திருந்தது. அவளைப் பார்த்தார், பஞ்சால் தொட்டார், முழங்கைகளை அழுத்தினார். நரம்பு தடிக்கவில்லை என்றார். பேனாவைத் திறந்தார்.

"எப்ப துவக்கம்?"

கணவர் என் பக்கம் திரும்பினார். நான் சொன்னேன்.

"எட்டு நாளைக்குள்ள டொக்டர். போன வெள்ளி விரல் வந்திச்சி. நேத்து வரல்ல."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு எழுதினார். எழுதி முடித்து, மாத்திரைச் சீட்டைக் கிழித்து நீட்டினார்.

"பிள்ளை வீட்டிலயே இருக்கட்டும்."

வலது கையால் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தேன். நபீசா என் இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். குனிந்து பார்த்தபோதுதான் எனக்கு அது தெரிந்தது.